கட்டிலடியில் கிடக்கும் கணினி: பழைய ஆர்.பி.ஜி. கேமை விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக் கணினி ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் ஓடும். இருட்டியதும் மாமா ஜெனரேற்றரை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவார். ஊற்றிய எண்ணெய் முடியும் தறுவாயில் அதன் சத்தம் ஒருமுறை இறங்கி, இருமுவது போல ஏறி, மறுபடி இறங்கும். அந்த இறக்கத்துக்கும் இருட்டுக்கும் நடுவே அரை நிமிடம் கிடைக்கும். "சேவ் பண்ணு, சேவ் பண்ணு" என்று எல்லோரும் ஒன்றாகக் கத்துவோம். மவுஸ் யாருடைய கையில் இருக்கிறதோ அவனுக்கு வேர்த்துவிடும்.

அது 2003. சண்டையால் மூடிக் கிடந்த, யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை முந்திய வருடம்தான் திறந்திருந்தது. கொழும்பில் கழித்துவிட்ட கணினிகள் லொறியில் ஏறி ஓமந்தையைத் தாண்டி வரத் தொடங்கிய காலம். மாமா வாங்கியது ஒரு பென்டியம் 2, வின்டோஸ் 98. முன்பு வைத்திருந்தவர் அழிக்காமல் விட்ட ஒரு டொஸ் (வின்டோஸுக்கு முந்திய இயங்குதளம்) கேம் அதற்குள் கிடந்தது: 'ஐ ஒஃப் த பிஹோல்டர்'. வெஸ்ட்வுட் நிறுவனம் செய்து, எஸ்.எஸ்.ஐ. 1991 இல் வெளியிட்டது. பன்னிரண்டு வருடப் பழசு என்பதே எங்களுக்குத் தெரியாது. சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டு, ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்த எங்களுக்கு, திரையில் ஒரு கல் நடைபாதையும் அதன் கடைசியில் ஒரு கதவும் தெரிந்ததே போதுமாக இருந்தது.

அது ஒரு ஆர்.பி.ஜி., அதாவது பாத்திரம் ஏற்று விளையாடும் கேம்: நாலு வீரர்களை நாமே உருவாக்கி, தளம் தளமாகக் கீழே இறக்கிக் கொண்டுபோக வேண்டும். நாங்களும் நாலு பேர். எங்கள் பெயர்களையே வைத்தோம். 2006 நடுப்பகுதியில் பவர் சப்ளை எரிந்துபோக, திருத்துவதற்காகக் கணினியை வவுனியாவுக்கு அனுப்பினோம். ஆகஸ்ட்டில் சண்டை திரும்பத் தொடங்கியது. கணினி வவுனியா குருமன்காட்டில் சித்தி வீட்டோடு தங்கிவிட்டது. 2008 இல் நாங்கள் இடம்பெயர்ந்தோம். வட்டக்கச்சி வீட்டில் விட்டுவந்த எதுவும் மிஞ்சவில்லை. ஒவ்வொரு தளமாக வரைபடம் கீறி வைத்திருந்த சதுரக் கோட்டுக் கொப்பியும் அதோடு போனது. அந்த நாலு பேரில் ஒருவன் இப்போது இல்லை.

போன வருடம் சித்தி வீட்டைத் திருத்தும்போது கட்டிலடியிலிருந்து கணினி வெளியே வந்தது. அதை எழுப்பிய விதத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எங்கள் பக்கம் வீட்டோடு இருந்த கணினிகளில் தப்பியது மிகக் குறைவு. ஆனால் திருத்தக் கொடுத்தது, சொந்தக்காரருக்கு இரவல் கொடுத்தது, முன்கூட்டியே வவுனியாவுக்கோ மன்னாருக்கோ அனுப்பியது என்று ஒதுங்கித் தப்பிய பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. நீங்கள் கேமுக்காகத் திறக்கும் அந்தப் பெட்டிக்குள் கலியாணப் படமும் கடிதமும் இருக்கக்கூடும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரு ஒழுங்கில் போகும்: முதலில் பிரதி, பிறகு கேம், கடைசியாகத்தான் பழைய பெட்டியை இயக்குவது. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

1. சுவிட்சைத் தொடாமல் பெட்டியைத் திறப்பது

வருடக்கணக்கில் கிடந்த கணினியைக் கண்டதும் பிளக்கைச் செருகிப் பார்க்கத்தான் கை போகும். போகவிடாதீர்கள். பழைய ஹாட் டிஸ்க் ஒன்று பல வருடங்களுக்குப் பிறகு சுழலும் முதல் தடவையே அதன் கடைசித் தடவையாகவும் இருக்கலாம். அந்த ஒரு சுழற்சியை வின்டோஸ் ஆரம்பிக்கிறதா என்று பார்ப்பதற்காகச் செலவழித்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பெட்டியைக் காற்றோட்டமான உலர்ந்த அறையில் நாலைந்து நாள் வையுங்கள். பிறகு பக்கத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றுங்கள். பிறகு பக்கத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றுங்கள்.

உள்ளே என்ன இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்களுடையதில் பல்லி முட்டை ஓடுகள், செம்மண் புழுதி, பவர் சப்ளையின் காற்றுத் துவாரத்தில் குளவி கட்டிய மண்கூடு, பிறிண்டர் செருகும் துவாரத்தில் இன்னொரு கூடு. மண்கூட்டை ஈரப்படுத்தாதீர்கள். காய்ந்தபடியே பல் குத்தும் ஈர்க்கால் உடைத்து வெளியே தட்டுங்கள். புழுதிக்குப் புதிய பெயின்ற் பிரஷ் ஒன்று போதும். வீட்டு வாக்குவம் கிளீனரின் முனையை மதர்போட்டுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும். வேலை தொடங்குமுன் வெறும் உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள்.

றாம் என்ற நினைவகப் பலகையைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைச் சாதாரண அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு வைத்துவிடுங்கள். "கணினி பீப் பீப் என்று கத்துது, படம் வரேல்லை" என்ற வியாதிக்குப் பாதி நேரம் இதுவே மருந்து.

பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் பெரிய கப்பாசிற்றர்களில் ஆளைத் தூக்கி எறியும் மின்னூட்டம் நிற்கும். பழைய கண்ணாடிக் குழாய் மொனிற்றர் அதைவிட ஆபத்து, அதற்குள் 20,000 வோல்ற்றுக்கு மேல் இருக்கும். அந்த வேலை ரீவி திருத்திப் பழகிய ஆளுக்கு உரியது.

2. ஹாட் டிஸ்கைப் பிரதி எடுப்பது

இந்தப் படிக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

அந்தக் காலத்து ஹாட் டிஸ்குகள் ஐ.டி.இ. வகை. பின்பக்கத்தில் இரண்டு வரிசையாக ஊசிகள் இருக்கும். மேசைக் கணினியுடையது 40 ஊசி, லப்டொப்புடையது சின்னது, 44 ஊசி. இதை இன்றைய லப்டொப்பில் யூ.எஸ்.பி. மூலம் செருக ஒரு அடப்டர் விற்கிறார்கள். மேசைக் கணினி டிஸ்க் என்றால் தனியாகப் பவர் கொடுக்கும் வயரும் சேர்ந்து வரும் அடப்டராகப் பார்த்து வாங்குங்கள், யூ.எஸ்.பி. கரண்ட் அதைச் சுழற்றப் போதாது. டிஸ்கின் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன ஜம்பரை (இரண்டு ஊசிகளை இணைக்கும் குட்டி மூடி) 'மாஸ்டர்' இடத்தில் வையுங்கள். எந்த இடம் என்று டிஸ்கின் மேல் ஒட்டிய தாளில் படம் போட்டிருக்கும்.

செருகியதும் வின்டோஸ் பல நேரங்களில் "இந்த டிஸ்கை ஃபோமற் பண்ணவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் மச்சானின் பழைய டிஸ்கை ஒரு கடையில் பார்க்கக் கொடுத்தோம். "வைரஸ் இருந்தது, வின்டோஸ் புதுசா அடிச்சிட்டன்" என்று சிரித்தபடி திருப்பித் தந்தார்கள். அதில் இருந்த அவனுடைய அப்பாவின் படங்கள் அத்தோடு போயின. வேறு படம் அவர்களிடம் இல்லை. கடைக்காரர் கெட்டவர் இல்லை, கணினி ஓட வேண்டும் என்பதுதான் தன் வேலை என்று நினைத்துவிட்டார். யாரிடமாவது கொடுக்கத்தான் வேண்டும் என்றால், டிஸ்கின் மேல் "அழிக்க வேண்டாம், பிரதி மட்டும்" என்று எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

நீங்களே செய்வதென்றால் நான் செய்த முறை இது. ஒரு பென்ட்றைவில் 'சிஸ்டம் ரெஸ்கியூ' என்ற இலவச லினக்ஸை ஏற்றி, லப்டொப்பை அதிலிருந்து ஆரம்பியுங்கள். அதற்குள்ளேயே 'டிடி ரெஸ்கியூ' என்ற மென்பொருள் இருக்கிறது. அது கோப்புகளைத் தனித்தனியாக எடுக்காது. டிஸ்க் முழுவதையும், வெற்றிடம் உட்பட, ஒரே பெரிய கோப்பாக எடுக்கும். முதலில் சுகமாக வாசிக்கக்கூடிய இடங்களை எல்லாம் வாசித்து முடித்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகுதான் திரும்பி வரும். சாகக் கிடக்கும் டிஸ்கிடமிருந்து முடிந்ததை முதலில் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு.

கட்டளையில் மூன்று பெயர்கள் கொடுக்க வேண்டும்: எந்த டிஸ்கிலிருந்து, எந்தக் கோப்புக்குள், அப்புறம் ஒரு மப் கோப்பு. இந்த மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். எதுவரை எடுத்தாயிற்று என்ற கணக்கு அதில்தான் பதிவாகும். நடுவில் கரண்ட் போனாலும், திரும்ப அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எங்கள் ஊரில் மின்னலுக்கும் காற்றுக்கும் கரண்ட் போய் வருவதை யோசித்தால் இதை எங்களுக்காகவே எழுதினார்களோ என்று தோன்றும். எனக்கு இரண்டு தடவை போனது, இரண்டு தடவையும் தொடர்ந்தது.

முதல் இரண்டு பெயர்களை மாற்றிக் கொடுத்தால் பழைய டிஸ்கின் மேலேயே எழுதப்பட்டுவிடும் ஆபத்து உண்டு. அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். மாமாவின் டிஸ்க் 8.4 ஜிபி, என் வெளி டிஸ்க் 1 டிபி, குழம்ப வழியில்லை. பிரதி போய் விழும் டிஸ்க் ஃபற்32 என்ற ஃபோமற் முறையில் இருக்கக் கூடாது, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை வைக்க முடியாது.

டிஸ்க் டிக் டிக் என்று தட்டும் சத்தம் கொடுத்தால் உடனே நிறுத்துங்கள். தட்டுவது, குளிர்ப்பெட்டியில் வைப்பது என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அதையெல்லாம் நான் செய்யமாட்டேன்.

பிரதி முடிந்ததும் பழைய டிஸ்கைக் கழற்றி, துணியில் சுற்றி, அலுமாரியில் வையுங்கள். இனி அதைத் தொடத் தேவையில்லை. பிரதிக் கோப்பை '7-சிப்' மென்பொருளால் திறந்தால் உள்ளிருக்கும் எல்லாம் கோப்புறை கோப்புறையாகத் தெரியும். அழிந்துபோன படங்களைத் தேட 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருளைப் பிரதியின் மேல் ஓடவிடலாம்.

3. பாமினியில் கிடக்கும் கடிதங்கள்

கேமைத் தேடும்போது வேறு பல கோப்புகள் கண்ணில் படும். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை போலத் தெரியும். அது குப்பை இல்லை. அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் பாமினி எழுத்துருவில்தான் அடித்தோம். பாமினியில் 'அம்மா' என்ற சொல், எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரும். முதலில் பாமினியை நிறுவித் திறந்து வாசியுங்கள், பிறகு யூனிகோட் மாற்றியில் இட்டு மாற்றிச் சேமியுங்கள். மாமா டிஸ்கில் ஒரு வயல் கணக்கு இருந்தது: இரணைமடுத் தண்ணீர், சிறுபோகம், எத்தனை அந்தர் யூரியா, யாருக்கு எவ்வளவு கூலி. அதைப் பிறிண்ட் எடுத்துக் கொடுத்தபோது அவர் கேமைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒரு தாளையே பின்னேரம் முழுக்க வைத்திருந்தார்.

4. சேவ் கோப்பைக் கண்டுபிடித்துப் பூட்டி வைப்பது

சரி, இனி கேம். பழைய டொஸ் கேம்கள் பெரும்பாலும் தங்கள் கோப்புறைக்குள்ளேயே சேவையும் வைக்கும். 'சேவ்' என்ற சொல்லோ, எஸ், ஏ, வி என்ற மூன்றெழுத்து வாலோ இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பின் திகதியும் கைகாட்டும்.

ஐ ஒஃப் த பிஹோல்டரின் முதல் பாகத்தில் ஒரே ஒரு சேவ் இடம்தான். புதிதாகச் சேவ் பண்ணினால் பழையது அழிந்துவிடும். நான் கேமைத் திறந்து, ஏதோ ஒரு ஆர்வத்தில் இரண்டு அடி நடந்து, பழக்கத்தில் சேவ் கொடுத்திருந்தால், 2006 இல் நாங்கள் நாலு பேரும் கடைசியாக நின்ற இடம் இல்லாமல் போயிருக்கும். அதனால் கேமைத் திறக்குமுன் கோப்புறை முழுவதையும் மூன்று இடத்தில் வைத்தேன்: வெளி டிஸ்கில் ஒன்று, பென்ட்றைவில் ஒன்று, கனடாவில் இருக்கும் மச்சானுக்கு மின்னஞ்சலில் ஒன்று. முழுக் கோப்புறையும் இன்றைய ஒரு கைத்தொலைபேசிப் படத்தின் அளவுதான் வரும்.

கேம்போய், நின்டென்டோ கார்ட்றிஜ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். அந்தக் கார்ட்றிஜ்களில் சேவ் நிற்பது உள்ளே இருக்கும் நாணய அளவு பற்றரியின் தயவில். பற்றரியைக் கழற்றினால் சேவ் போய்விடும். கார்ட்றிஜ் வாசிக்கும் கருவியால் சேவை எடுத்துவிட்டுத்தான் புதுப் பற்றரி போட வேண்டும். எங்கள் ஊர்க் கடைகளில் விற்ற ரீவி கேம் பெட்டிகளில் ஆர்.பி.ஜி. அதிகம் வராததற்கும் இது ஒரு காரணம், மலிவுக் கார்ட்றிஜில் யார் பற்றரி வைப்பார்கள்? ஜப்பானில் 1986 இல் வந்த முதல் 'ட்ராகன் குவெஸ்ட்' பற்றரி இல்லாமல் ஒரு நீண்ட கடவுச்சொல்லைக் கொடுத்து எழுதி வைக்கச் சொன்னது. ஒரு எழுத்துப் பிழைத்தால் அத்தனை நாள் விளையாட்டும் வீண்.

5. இன்றைய லப்டொப்பில் ஓட வைப்பது

இதற்கு இரண்டு இலவச மென்பொருள்கள் போதும்.

'டொஸ்பொக்ஸ்' ஒரு பழைய டொஸ் கணினியை உங்கள் கணினிக்குள் நடிக்க வைக்கும். கேமின் இயக்கக் கோப்பைப் பிடித்து இழுத்து டொஸ்பொக்ஸ் படத்தின் மேல் விட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். கேம் மெதுவாக இருந்தால் கொன்ட்ரோல் கீயோடு எஃப்12, ஓட்டமாக ஓடினால் கொன்ட்ரோலோடு எஃப்11. பழைய கேம்கள் பல கணினியின் வேகத்தையே கடிகாரமாக வைத்திருந்தன, அதனால் இந்த இரண்டு கீகளும் அடிக்கடி தேவைப்படும். மவுஸ் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டால் கொன்ட்ரோலோடு எஃப்10.

'ஸ்கம்விஎம்' வேறு விதம். அது கணினியை நடிப்பதில்லை, குறிப்பிட்ட கேம்களின் இயந்திரத்தையே புதிதாக எழுதி வைத்திருக்கிறது. ஐ ஒஃப் த பிஹோல்டரின் முதல் இரண்டு பாகங்களும் அதில் ஓடும், மூன்றாவது ஓடாது. இதில் பல சேவ் இடங்கள் கிடைக்கும். அன்ட்றொயிட் கைத்தொலைபேசியிலும் ஓடும். பழைய டொஸ் சேவ் கோப்பு அதே கோப்புறையில் இருந்தால், "இதைப் பயன்படுத்தவா?" என்று தானே கேட்கும். ஆமாம் என்று சொன்னேன்.

திரையில் அந்த நாலு முகங்களும் வந்தன. ஏழாம் தளம். கீழே வலப்பக்கம், பின்வரிசையில், இப்போது இல்லாத அவனுடைய மந்திரவாதி. உயிர்க்கோடு பாதிக்கும் கீழே. அவன் எப்போதும் காயத்தோடுதான் நிற்பான், ஓய்வெடுக்கப் பொறுமை இல்லை. நான் ஒன்றும் செய்யாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் அகலமாக இழுபட்டால் அமைப்பில் விகிதத் திருத்தத்தைப் போடுங்கள். அந்தக் காலத் திரை 4க்கு 3, முகங்கள் ஒடுக்கமாக இருந்தால்தான் பழைய முகங்களாகத் தெரியும்.

உங்களிடம் பழைய கோப்பு இல்லை என்றால் 'ஜிஓஜி' தளத்தில் இந்த மூன்று பாகங்களும் ஒரே தொகுப்பாக விற்பனைக்கு இருக்கின்றன. எங்களிடம் அன்று இருந்ததெல்லாம் கொப்பி சீடிகள். இன்று காசு கொடுத்து வாங்க முடிகிறபோது வாங்குவதுதான் முறை. இலவசமாகவே கிடைப்பவையும் உண்டு. 1985 இல் வந்த 'அல்ட்டிமா 4' அங்கே இலவசம். 'எல்டர் ஸ்குறோல்ஸ்' வரிசையின் முதல் இரண்டு, 1994 இன் 'அறீனா'வும் 1996 இன் 'டாகர்ஃபோலும்', அதை உருவாக்கிய நிறுவனமே இலவசமாக விட்டது. இதில் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அல்ட்டிமா 4ஐத்தான் சொல்வேன். அதில் கடைசி வில்லன் என்று ஒருவர் கிடையாது. குருட்டுப் பெண்ணிடம் மூலிகை வாங்கும்போது குறைத்துக் காசு கொடுத்தால் யாரும் உங்களைப் பிடிக்க மாட்டார்கள், ஆனால் உங்கள் நேர்மை குறைந்ததை கேம் கணக்கில் வைத்திருக்கும்.

6. விளையாடும் முறை: கொப்பியும் பென்சிலும்

இன்றைய கேம்களுக்குப் பழகிய கை இங்கே தடுமாறும். அம்புக்குறி இல்லை, தானாக வரையும் வரைபடம் இல்லை, எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே முதலில் கொப்பி வாங்குங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பி, சதுரக் கோடு போட்டது.

ஐ ஒஃப் த பிஹோல்டரில் 12 தளங்கள். ஒவ்வொன்றும் 32க்கு 32 கட்டத்துக்குள் அடங்கும். ஒரு அடி என்பது ஒரு கட்டம். பக்கத்தின் நடுவில் தொடங்காதீர்கள், நீங்கள் இறங்கிய படி தளத்தின் ஓரத்திலும் இருக்கலாம். முதலில் பென்சிலால் வெளிச்சுவரைத் தொட்டுக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு, எல்லை பிடிபட்ட பிறகு உள்ளே போங்கள். திசைகாட்டி திரையிலேயே இருக்கிறது, ஒவ்வொரு திருப்பத்திலும் அதைப் பாருங்கள். சில இடங்களில் உங்களை அறியாமலே இன்னொரு இடத்துக்குத் தூக்கிப் போட்டுவிடும். கட்டங்கள் பொருந்தவில்லை என்று தோன்றினால் தரையில் ஒரு கல்லைப் போட்டுவிட்டு நடந்து பாருங்கள், திரும்ப அந்தக் கல் எதிர்ப்பட்டால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். காட்டுக்குத் தேன் எடுக்கப் போகிறவர்கள் கொப்பை முறித்துப் போட்டுக்கொண்டு போவது போலத்தான்.

எங்கள் கொப்பியில் கதவுக்கு ஒரு கோடு, பூட்டிய கதவுக்கு இரண்டு, சுவரில் மறைந்திருக்கும் பொத்தானுக்கு ஒரு புள்ளி. தரையில் அமுங்கும் பலகைக்குச் சதுரம். அந்தப் பலகையில் கல்லோ எலும்போ வைத்தால் கதவு திறந்தபடி நிற்கும். சந்தேகம் வரும் சுவரை முட்டிப் பாருங்கள், சில சுவர்கள் வெறும் மாயை.

வீரர்களை உருவாக்கும்போது முன்வரிசையில் இரண்டு பேர் சண்டைக்காரர், பின்வரிசையில் ஒரு மந்திரவாதி, ஒரு பூசகர். பின்வரிசையில் நிற்பவர் வாளால் வெட்ட முடியாது, எறியலாம், எய்யலாம், மந்திரம் போடலாம். பூசகர் இல்லாமல் போனால் காயமும் பசியும் சேர்ந்து உங்களைத் தின்றுவிடும். உணவை உண்டாக்கும் மந்திரம் அவருடைய மூன்றாம் நிலை மந்திரங்களில் ஒன்றாகப் பிறகுதான் கிடைக்கும். அதுவரை கையிலிருக்கும் சாப்பாட்டை எண்ணி எண்ணித்தான் கொடுக்க வேண்டும். (எங்கள் நாலு பேருக்கும் இதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.) வழியில் சந்திப்பவர்களையும் சேர்த்தால் குழு ஆறு பேர் வரை போகும். கிடைக்கும் எலும்புகளையும் வீசிவிடாதீர்கள், அவற்றில் சில இறந்த வீரர்களுடையவை, உயிர்ப்பிக்கலாம்.

கல்லால் ஆன பொருள்கள், அதாவது கல் கத்தி, கல் மாலை, கல் மோதிரம் போன்றவை, ஒன்றையும் கைவிட வேண்டாம். ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வாசல்களின் சாவிகள் அவைதான். 2005 இல் பாரம் என்று நினைத்து ஒன்றை எங்கோ போட்டுவிட்டு மூன்று வாரம் தேடினோம்.

கவச எண்ணில் ஒரு குழப்பம் வரும். இந்த கேம் 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டின் பழைய விதிகளில் ஓடுகிறது. அந்த விளையாட்டு 1974 இல் வந்தது. கணினி ஆர்.பி.ஜி.களின் தாய்வீடு அதுதான். அதன் பழைய விதியில் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். புதுக் கவசம் போட்டதும் எண் இறங்கினால் அது நல்ல செய்தி.

என் நிலைமைக்கு வருகிறேன். ஏழாம் தளத்தில் சேவ் இருக்கிறது, வரைபடம் இல்லை. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் நின்ற இடத்திலிருந்து முன்னே போகாதீர்கள். முதலில் பையிலிருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுங்கள். எந்தச் சாவி மிஞ்சியிருக்கிறது, எந்தக் கல் பொருள் இருக்கிறது என்பதிலிருந்தே எந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை என்று ஊகிக்கலாம். பிறகு பின்னோக்கி நடந்து, மேலே ஏறும் படியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து புதிதாக வரையத் தொடங்குங்கள். நான் நாலாம் தளம் வரை ஏறி வரைந்துகொண்டு இறங்கினேன். சில மூலைகளில் கை தானாகத் திரும்பியது. கண் மறந்ததைக் கை மறக்கவில்லை. இணையத்தில் முழு வரைபடமும் கிடைக்கும், அதைப் பார்ப்பதில் தப்பில்லை. நான் பார்க்கவில்லை.

7. பழைய பெட்டியையே இயக்க விரும்பினால்

இது கட்டாயமில்லை. ஆனால் அந்த விசிறிச் சத்தமும், கட்டைக் கீபோட்டின் தட்டலும் வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள்.

பவர் சப்ளையைத் திருத்தாமல் புதிதாக வாங்குங்கள். பழைய மதர்போட் 20 ஊசி கேட்கும், இன்றைய 24 ஊசி இணைப்பில் பெரும்பாலும் நாலு ஊசி தனியே பிரியும். அதைவிடப் பழைய ஏ.டி. வகையில் இரண்டு இணைப்புகள் பக்கத்தில் பக்கத்தில் வரும். இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் சேர வேண்டும், மாறிச் செருகினால் மதர்போட் எரியும். கனடாவிலிருந்து வந்த பெட்டி என்றால் பின்னால் ஒரு சின்னச் சிவப்புச் சுவிட்ச் 115 இல் நிற்கும். அதை 230க்குத் தள்ளாமல் எங்கள் கரண்ட்டில் செருகினால் ஒரு வெடிச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

மதர்போட்டில் நிற்கும் உருளைக் கப்பாசிற்றர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். 1999 முதல் 2007 வரை வந்த பல போட்டுகளில் தரமற்ற கப்பாசிற்றர்கள் போடப்பட்டன, அவை தலை வீங்கிக் கசியும். அதே மைக்ரோஃபரட், அதே அல்லது கூடிய வோல்ற், 105 பாகை தாங்கும் வகை என்று சொல்லி வாங்கி, கூட்டல் கழித்தல் பக்கம் மாறாமல் ஈயம் வைக்க வேண்டும். கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் ரீவி திருத்தும் ஒரு அண்ணை எங்களுடையதில் ஆறு கப்பாசிற்றரை ஒரு பின்னேரத்தில் மாற்றித் தந்தார்.

நேரம் காக்கும் பற்றரி சி.ஆர்.2032, எந்தக் கடையிலும் கிடைக்கும். 386, 486 காலத்துப் போட் என்றால் உருளை வடிவப் பற்றரி ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். அது கசிந்து தடங்களைத் தின்னும், கண்டதும் வெட்டி எடுத்துவிட்டு, கசிந்த இடத்தை வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோப்றோப்பைல் அல்ககோலால் துடையுங்கள்.

பழைய ஹாட் டிஸ்குக்குப் பதிலாக சி.எஃப். (கொம்பக்ட் ஃபிளாஷ்) மெமரி காட் ஒன்றை ஐ.டி.இ. அடப்டரில் செருகி அதில் வின்டோஸ் 98ஐ நிறுவலாம், சத்தமும் இல்லை, சூடும் இல்லை. வயரின் சிவப்புக் கோடு முதலாம் ஊசிப் பக்கம். இடி மின்னல் என்றால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், யூ.பி.எஸ். இருந்தாலும்.

8. லண்டன் பெரியப்பாவின் பெட்டிகள்

1980களில் வெளிநாடு போன சொந்தங்களின் வீட்டு மேல்மாடியில் இதைவிடப் பழைய வீட்டுக் கணினிகள் இருக்கும். இங்கிலாந்து என்றால் பெரும்பாலும் 1982 இன் 'சிங்கிளேயர் ஸ்பெக்ட்ரம்'. ரப்பர் கீ, 16 அல்லது 48 கேபி நினைவகம். அது கேமைச் சாதாரண ஓடியோ கசெற்றிலிருந்து வாசித்தது. கசெற் நாடா மாட்டிக்கொண்டால் பென்சில் செருகிச் சுற்றிய தலைமுறைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பாட்டுக்குப் பதில் கீச்சென்ற இரைச்சல் கேட்கும், அந்த இரைச்சல்தான் கேம். சத்த அளவு கொஞ்சம் பிசகினாலும் ஏறாது, றெக்கோடரின் தலையைத் துடைத்துவிட்டு, ஒலியைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

அதை இங்கே கொண்டு வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்பெக்ட்ரத்தின் 9 வோல்ற் பிளக்கில் நடு முனை கழித்தல். கடையில் விற்கும் அடப்டர்களில் பெரும்பாலும் நடு முனை கூட்டல். பொருந்துகிறதே என்று செருகினால் செத்துவிடும். அதே வருடம் வந்த 'கொமடோர் 64' என்றால் பழைய அடப்டரை நம்பவே வேண்டாம். அது பழுதாகும்போது வோல்ற் கூடிப்போய் நினைவகச் சில்லுகளை எரித்துவிடும், புதிதாகச் செய்து விற்கும் அடப்டரை வாங்குங்கள். கனடாவிலிருந்து வந்தது 120 வோல்ற், படமும் எங்கள் ரீவியின் பி.ஏ.எல். (பால்) ஒளிபரப்பு முறை இல்லை.

இந்த இரண்டையும் கணினியில் நடிக்க வைக்க 'ஃப்யூஸ்', 'வைஸ்' என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கொமடோரில் 1988 இன் 'பூல் ஒஃப் றேடியன்ஸ்' ஓடவிட்டுப் பாருங்கள். ஐ ஒஃப் த பிஹோல்டரை வெளியிட்ட அதே எஸ்.எஸ்.ஐ., அதே மேசை விளையாட்டு விதிகள். அழிந்துபோன ஒரு நகரத்தை வட்டாரம் வட்டாரமாகத் துப்புரவாக்கி மக்களைத் திரும்பக் குடியேற்றும் கதை. மீள்குடியேறி வந்த வருடம் இந்தக் கதையை யாராவது எனக்குத் தந்திருக்கலாம் என்று நினைப்பேன்.

9. இப்போது நிற்கும் இடம்

கனடா மச்சானும் நானும் சனிக்கிழமைகளில் வீடியோவில் சேர்ந்து விளையாடுகிறோம். இங்கே இரவு, அங்கே காலை. என் திரையை அவனுக்குக் காட்டுகிறேன், வரைபடம் அவன் பொறுப்பு, கட்டம் கட்டமாகச் சொல்லச் சொல்லக் கீறுகிறான். நாலு பேரில் மற்றவன் கொழும்பில் வேலை, வேலைநாள் இல்லாவிட்டால் அவனும் சேர்ந்துகொள்வான். சண்டைக்கு முன் ஒவ்வொரு தடவையும் ஓய்வெடுத்து, மந்திரவாதியின் உயிர்க்கோட்டை முழுதாக நிரப்பிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறோம். அவன் இருந்தால் அதற்குப் பொறுத்திருக்க மாட்டான்.

எட்டாம் தளத்தின் வரைபடம் முடிந்துவிட்டது, ஒரு கதவைத் தவிர. சுவரில் எங்கோ ஒரு பொத்தான் இருக்க வேண்டும். வருகிற சனி மறுபடி தேடப் போகிறோம்.